‘நாங்க’ என்றால் எத்தனை பேர்

இனோபத்தை வெளிநாட்டுக்குக் கிளப்பிவிட்டது ஒரு சாலட்.

போன புத்தாண்டு இரவுக்கு அவள் வழக்கம்போல ஒலிவியே சாலட் செய்தாள். வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், முட்டை, பட்டாணி, ஊறுகாய் வெள்ளரி எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, மயோனைஸ் ஊற்றிக் கிளறி நிமிர்ந்து பார்த்தால், பெரிய எனாமல் பாத்திரம் விளிம்பு வரை நிறைந்து கிடந்தது. கைப்பழக்கம். ஒரு காலத்தில் அந்த வீட்டில் மாமியார், கணவர் எர்காஷ், கொழுந்தன் குடும்பம் என்று மேசை நிறைய ஆட்கள் இருந்தார்கள். மாமியார் காலமானார். கொழுந்தன் குடும்பத்தோடு ரஷ்யாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். நான்கு வருடத்துக்கு முன்னால் எர்காஷும் போய்ச் சேர்ந்தார். குழந்தை பிறக்கவில்லை. சாலட் மட்டும் குறையவே இல்லை.

அன்று இரவு அவள் மேசையில் விரிப்பு போட்டு, மாண்டரின் பழம் அடுக்கி, தொலைக்காட்சியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு அடித்ததும் முற்றத்தில் பட்டாசு வெடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டமே சிரித்தது. அவள் ஒரு கரண்டி சாலட் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் காலையில் சாலட், மத்தியானம் சாலட், ராத்திரி சாலட். வாரக் கடைசியில் மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தியபடி சொன்னாள்:

“அடுத்த வருஷம் இந்த மேசை முன்னால நாங்க உக்கார மாட்டோம்.”

வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆனாலும் ‘நாங்க’ என்றுதான் சொன்னாள். அவள் ஊரான கோகந்தில் நல்ல வளர்ப்பு வளர்ந்தவர்கள் ‘நான்’ என்று சொல்வதில்லை. தன்னந்தனியாக வந்து நிற்கிற விருந்தாளிகூட “நாங்க சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்” என்பார். அவர்கள் மொழியில் ‘நான்’ என்ற சொல்லின் ஓசை கொஞ்சம் ஆடு கத்துவது போலிருக்கும். சின்ன வயதில் இனோபத் அந்தச் சொல்லை எடுத்தாலே அவள் அம்மா, “யாரது, ஆட்டுக்குட்டி உள்ள வந்திருச்சா?” என்று சுற்றுமுற்றும் தேடுவாள். அந்தக் கேலியிலேயே அவள் வாயிலிருந்து அந்தச் சொல் கழன்றுவிட்டது.

இனோபத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. பெரிய சந்தையில் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதி வீட்டு ஜன்னல்களுக்கு அவள்தான் அளவெடுத்திருக்கிறாள். அந்த வருடம் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் ஒன்று, ஆளுயர ஜன்னல்கள் அத்தனைக்கும் அவளிடமே வேலை கொடுத்தது. கோடை முழுக்கத் தைத்தாள். கூலி கைக்கு வந்த அன்றே, இது புத்தாண்டுக்கு என்று தனியாக எடுத்து வைத்தாள். பெரும் பணம் இல்லை. பாரிஸ், துபாய் என்றெல்லாம் நினைக்க முடியாது. ஆனால் கையைப் பிடித்துச் செலவழித்தால் மூன்று நான்கு ஊர் பார்க்கலாம்.

திட்டம் போடுவதை அவள் திரை வெட்டுவது போலச் செய்தாள். கையில் இருக்கிற துணி இவ்வளவுதான். மடிப்பு அதிகம் வைத்தால் அழகு, ஆனால் ஒரு ஜன்னலோடு தீர்ந்துவிடும். மடிப்பைக் குறைத்தால் பக்கத்து ஜன்னலுக்கும் வரும். அப்படியே நல்ல ஓட்டல் என்ற மடிப்பை எடுத்தாள், சின்ன விடுதி வந்தது. பெரிய பெட்டியை விட்டாள், விமானக் கட்டணம் இறங்கியது. தாஷ்கந்திலிருந்து திபிலிசி. அங்கே புத்தாண்டு. பிறகு ரயிலில் பாதூமி. பாதூமியில் கடல் இருந்தது. அவள் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் அந்தக் கடல்மேல் பனி விழுகிற ஒரு படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, அன்று கடைக்கு வந்தவர்களிடம் இரண்டு முறை தப்பான அளவு சொன்னாள். பாதூமியிலிருந்து எல்லை தாண்டித் திராப்சோன். அங்கிருந்து இரவு பஸ்ஸில் இஸ்தான்புல். அங்கிருந்து வீடு.

டிக்கெட் போட்டுக் கொடுக்க, தாஷ்கந்தில் சரோஸ் என்ற பெண்ணைக் கல்யாண மண்டபத்துக்காரர் சொன்னார். ரஷ்யப் பள்ளியில் படித்த பெண். மூன்று மொழி பேசுவாள், மூன்றையும் அவசரமாக. இருவரும் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் டெலிகிராமில் குரல் செய்திதான். இனோபத் தையல் மிஷினை நிறுத்திவிட்டு, கைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.

“சரோஸ், மகளே, எங்களுக்குப் பெரிய வசதி எதுவும் வேணாம். நாங்க ரொட்டியும் டீயும் இருந்தா போதும்னு இருக்கிறவங்க. தெருப் பக்கம் அறை வேணாம். நாங்க குறட்டை விட மாட்டோம், ஆனா சின்னச் சத்தத்துக்கே முழிச்சிருவோம்.”

“இரவு பஸ்ஸா அக்கா? பதினேழு மணி நேரம். இடுப்பு கழண்டிரும்.”

“எங்க இடுப்பு மிஷின் முன்னாடி உக்காந்தே மரத்துப்போச்சு. ஜன்னல் பக்கம் மட்டும் குடுத்திரு. நாங்க ஜன்னலப் பார்த்தே பிழைக்கிறவங்க.”

சரோஸ் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாள். அவள் வேலை சுறுசுறுப்பு. திபிலிசியில் ஒரு குடும்பம் நடத்துகிற விடுதியில் அறை போட்டாள், புத்தாண்டு இரவுச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள். கட்டினால் திரும்பி வராத பணம், அதனால்தான் மலிவு. பாதூமியிலும் அப்படியே. விமானத்துக்கு மட்டும் பாஸ்போர்ட் வேண்டியிருந்தது. இனோபத் தன்னுடையதைப் படமெடுத்து அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் சரோஸே கூப்பிட்டாள்.

“கிடைச்சுது அக்கா. அப்படியே அத்தானோடதையும் அனுப்பிடுங்க.”

“எந்த அத்தான்?”

“உங்க வீட்டுக்காரர்தான். ரெண்டு சீட் பிடிச்சு வச்சிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் இந்த விலை நிக்கும்.”

இனோபத்தின் கையில் துணி வெட்டும் கத்தரி இருந்தது. அதைக் கீழே வைத்தாள். ‘அப்படி யாரும் இல்லை, நான் ஒருத்திதான்’ என்று ஒரு வரி சொன்னால் முடிந்துபோகிற விஷயம். அந்த ஒரு வரிதான் வரவில்லை. நான்கு வருடமாக அந்த வரியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நாளைக்கு அனுப்புறோம் மகளே,” என்றாள்.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. சரோஸ் தவறுதலாகப் பிடித்துவிட்ட அந்த இரண்டாவது இடம் ராத்திரி முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. அதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டால் நல்லதுதானே என்று காலையில் தோன்றியது. புத்தாண்டு மேசையில் எதிரே ஒரு முகம் இருக்கும். பணம் அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் பக்கத்து வீட்டு மவ்லூதாவிடம் போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் சிரிக்கிற கூட்டம் மவ்லூதாவுடையதுதான். மூன்று மருமகள்கள், எண்ணி முடியாத பேரப்பிள்ளைகள். அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்:

“திபிலிசியா? அங்க என்ன இருக்கு தங்கச்சி?”

“தெரியல அக்கா. தெரியாததாலதான் போறோம்.”

“போறதுன்னா உம்ரா யாத்திரைக்குப் போங்க. புண்ணியமாவது மிஞ்சும். இந்தக் குளிர்ல காசு குடுத்துக் குளிர் பாக்கப் போவாங்களா யாராச்சும்?”

“நீங்களும் வாங்களேன். ஒரு இடம் இருக்கு.”

மவ்லூதா மாவுக் கையை மேலே தூக்கிச் சிரித்தாள். “நாங்களா? நாங்க ஒருநாள் மூத்தவ வீட்டுக்குப் போனா, திரும்பி வரதுக்குள்ள இங்க மூணு சண்டை, ரெண்டு உடஞ்ச தட்டு. சொல்லுங்களேன், எங்கள எங்கயாவது கடத்திட்டுப் போகச் சொல்லி.” பிறகு ஏதோ நினைவு வந்தது போல, “ஆமா, யார் யார் போறீங்க?” என்றாள்.

ஒரு பேரன் அந்த நேரம் பார்த்து விழுந்து அழுதான். இனோபத் அந்தச் சாக்கில் வெளியே வந்தாள்.

அடுத்து, கணவரின் அக்கா தாஜிஹான் வீடு. எழுபதைத் தொட்ட தாஜிஹான் இனோபத்தை இன்றைக்கும் ‘கெலின்’ என்றுதான் கூப்பிடுவாள், அதாவது புதுப்பொண்ணு. கல்யாணமாகி முப்பது வருடம் போனது, கட்டியவரும் போனார், அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

“என்ன கெலின், கடைய அடைச்சுட்டு வந்திருக்கீங்க? யாருக்கு உடம்பு சரியில்ல?”

இனோபத் விஷயத்தைச் சொன்னாள். தாஜிஹான் டீயைக் கிண்ணத்தில் ஊற்றி, குடிக்காமல் கீழே வைத்தாள்.

“தனியாவா போறதா இருந்தீங்க?”

“இல்ல. அதான் உங்கள...”

“எங்க தம்பி பொண்டாட்டி ஊர் ஊரா ஒத்தையில சுத்துறான்னு நாலு பேர் பேசணுமா? புத்தாண்டுக்கு இங்க வந்திருங்க. போன வருஷமும் கூப்பிட்டோமே.”

கூப்பிட்டது உண்மைதான். ‘ஒருநாள் வாங்க’ என்று கூப்பிட்டிருந்தாள். எந்த நாள் என்று சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம் போனபோது இனோபத் மேசைக்கு வந்து உட்காரவே இல்லை, பாத்திரம் கழுவி முடிக்கையில் விருந்தாளிகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு தாஜிஹான் எதிர்பாராததைச் சொன்னாள்.

“சரி, நாங்க வரோம். இஸ்தான்புல்னு சொன்னீங்கள்ல? மூணு பேத்திக்கும் சீர் சாமான் வாங்கணும். படுக்கை விரிப்பு, கம்பளிச் சால்வை, எல்லாம் அங்க மொத்த விலையில கிடைக்கும்.”

“முதல்ல திபிலிசி, அப்புறம் பாதூமி...”

“எதுக்கு நாலு ஊர்? நேரா இஸ்தான்புல். எங்களுக்கு முட்டி வலி, சந்தைக்குப் பக்கத்துல அறை போடச் சொல்லுங்க. மூட்டை நீங்க தூக்கிக்கலாம், உங்களுக்கு இன்னும் தெம்பு இருக்கு.”

“பாதூமில கடல் இருக்கு,” என்றாள் இனோபத்.

“இஸ்தான்புல்லயும் தண்ணி இருக்கு கெலின். போற வழியில பாத்துக்கலாம்.”

பேசிக்கொண்டே உள்ளே போய்த் தன் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். இனோபத் அதைப் படமெடுத்துக்கொண்டாள். பெரியவர் நீட்டும்போது வேறென்ன செய்வது. கிளம்பும்போது தாஜிஹான் அவள் தோளைத் தட்டி, “பயண ரொட்டிய நாங்களே சுட்டு எடுத்துட்டு வரோம். ரெண்டு பேரும் சேர்ந்து கடிப்போம்,” என்றாள். அது அன்பாகவே சொன்னது. அதில் சந்தேகமில்லை.

வீட்டுக்கு வரும்போது நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. குழாயில் வருகிற காஸின் அழுத்தம் வழக்கம்போல இறங்கிப்போய், அடுப்பில் நீலப் பொட்டு மட்டும் எரிந்தது. இனோபத் மேல்கோட்டைக் கழற்றாமல் அடுப்படி மேசையில் உட்கார்ந்தாள். தாஜிஹானின் பாஸ்போர்ட் படம் கைபேசியில் இருந்தது. விரலை ஒரு தட்டுத் தட்டினால் சரோஸுக்குப் போய்விடும். இரண்டாவது இடத்துக்கு ஆள் கிடைத்தாகிவிட்டது. புத்தாண்டு அன்று எதிரே ஒரு முகம். ஊர் பேச இடமில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடல் மட்டும் இல்லை. அப்புறம் அவளும் இல்லை. மூட்டை தூக்க ஒரு கெலின் இருந்தாள், அவ்வளவுதான்.

அவள் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

“சரோஸ், மகளே, விஷயம் என்னன்னா, நாங்க ஒரு ஆள்தான்...”

அழித்தாள். நாங்க ஒரு ஆள் என்றால் அந்தப் பெண் என்ன புரிந்துகொள்வாள்.

“மகளே, எங்க வீட்டுக்காரர் வரல. நாங்க மட்டும்தான்...”

அழித்தாள். வரவில்லை என்றால் வீட்டில் இருக்கிறார் என்று ஆகிவிடும்.

எழுதி அனுப்பலாமா என்று பார்த்தாள். எழுதினாலும் அதே சொல்தான். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே மவ்லூதாவின் மருமகள் ஒருத்தி கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தாள். அவள் உள்ளே போகும் வரை இனோபத் காத்திருந்தாள், யாருக்கோ கேட்டுவிடும் என்பது போல. பிறகு பொத்தானை அழுத்தி, மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் சொன்னாள்:

“நான் ஒருத்திதான் போறேன். என் புருஷன் இறந்து நாலு வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு சீட் போதும்.”

அனுப்பிவிட்டாள். ஆட்டுக்குட்டி எங்கும் கத்தவில்லை.

சரோஸ் கூப்பிட்டாள். குரலில் அவசரம் இல்லை.

“மன்னிச்சிருங்க அக்கா. நீங்க ‘நாங்க, நாங்க’ன்னே சொன்னீங்களா... நான் வயசான ஜோடின்னு நினைச்சுட்டேன். ‘நாங்க குறட்டை விட மாட்டோம்’னு சொன்னீங்க. என் புருஷன்கிட்ட போட்டுக் காட்டினேன், பாரு, இவங்க ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துமைன்னு.”

இனோபத்துக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. அந்தப் பக்கம் சரோஸும் சிரித்தாள்.

“சரி, அப்ப ஒரு டிக்கெட்,” என்றாள் சரோஸ்.

“ஒண்ணு. ஊர் எதையும் மாத்தாத.”

தாஜிஹானிடம் சொல்வதுதான் இதைவிடக் கஷ்டமாக இருந்தது. இனோபத் தொலைபேசியிலேயே சொன்னாள், நேரில் போக தைரியம் இல்லை. தாஜிஹான் முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை.

“நாங்க வேணாம்னு சொல்றீங்க.”

“அப்படி இல்ல அக்கா. உங்க சாமானுக்கு இன்னொரு தடவை போவோம். இந்தத் தடவை நான்...”

“நானா?” என்றாள் தாஜிஹான். அந்த ஒரு சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். “சரி கெலின். நல்லா போய்ட்டு வாங்க. உங்களுக்கு ரொட்டி யார் தருவாங்கன்னு மட்டும் பாத்துக்கங்க.”

அதோடு வைத்துவிட்டாள்.

கிளம்பும் நாள் காலையில் இனோபத் சந்துமுனைத் தந்தூருக்குப் போய் ஒரு ரொட்டி வாங்கினாள். எள் தூவியது, நடுவில் முத்திரை குத்தியது. ரொட்டிக்காரர் அதைத் தாளில் சுற்றிக்கொண்டே, “ஒண்ணே ஒண்ணா? யாராவது பயணமா?” என்றார்.

“ஆமா.”

“யாரு, பக்கத்து வீட்டுப் பையன் பட்டாளத்துக்கா?”

“நான்,” என்றாள். மூன்றாம் முறை அது கொஞ்சம் சுலபமாக வந்தது.

வீட்டில் பெட்டியைக் கதவருகே வைத்தாள். பயண ரொட்டியைப் பெரியவர் ஒருவர் நீட்ட வேண்டும். போகிறவர் ஒரு கடி கடிப்பார். கடித்த ரொட்டியை வீட்டிலிருப்பவர்கள் கட்டித் தொங்கவிட்டு, அவர் திரும்பி வரும் வரை காப்பார்கள். எர்காஷ் ஒருமுறை பருத்தி வேலைக்குப் போனபோது மாமியார் நீட்டினார், இனோபத் தொங்கவிட்டாள். இப்போது ரொட்டியை வலக்கையில் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். எப்படிப் பிடித்தாலும் சாப்பிடப்போகிற ஆள் மாதிரிதான் இருந்தது. கடைசியில் அதை மேசைமேல் வைத்து, குனிந்து, ஓரத்தில் ஒரு கடி கடித்தாள். சூடு ஆறியிருக்கவில்லை. மெல்ல மென்று விழுங்கினாள். மிச்சத்தைத் திரைத்துணியில் மீந்த ஒரு துண்டில் கட்டி, அடுப்படி ஜன்னல் கம்பியில் கூடுதலாகக் கிடந்த திரைக்கொக்கி ஒன்றில் மாட்டினாள்.

படியில் மவ்லூதா குப்பை வாளியோடு வந்தாள்.

“கிளம்பியாச்சா? ரொட்டி கடிச்சீங்களா?”

“கடிச்சேன்.”

“யார் குடுத்தா?”

“மேசை குடுத்துச்சு.”

மவ்லூதா சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள். வாளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள்.

“எப்ப திரும்பி வரீங்க தங்கச்சி?”

இனோபத் வாய் திறந்தாள். தேதி சட்டென்று நினைவுக்கு வரவில்லை. எந்த ஊரில் எந்த ரயில், எந்த அறையில் எந்த ஜன்னல் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். இதை மட்டும் இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. கைபேசியை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னாள்.

“அப்ப ரொட்டி காஞ்சு கல்லாயிருக்கும்,” என்றாள் மவ்லூதா. “டீல முக்கித்தான் தின்னணும்.” உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் போனாள்.

தாஷ்கந்த் ரயில் மலைக்குள் நுழைகிற நீளமான சுரங்கப்பாதையைத் தாண்டி வெளியே வந்ததும், சரோஸின் குரல் செய்தி வந்து விழுந்தது. பனி எல்லாப் பக்கமும் வெள்ளையாகக் கிடந்தது. இனோபத்துக்கு ஜன்னல் இடம். பக்கத்து இருக்கை காலி.

“அக்கா, திபிலிசி விடுதியில கேக்கறாங்க. புத்தாண்டு மேசைக்கு ரெண்டு பேருக்குப் பணம் கட்டினது கட்டினதுதானாம், திருப்பித் தர மாட்டாங்க. ஆனா ரெண்டாவது நாற்காலிய எடுத்துரவா, வச்சிருக்கவான்னு கேக்கறாங்க. காலியா இருந்தா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமோன்னு அந்தம்மா யோசிக்கிறாங்க.”

இனோபத் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். அதன்மேல் அவள் மேல்கோட்டு கிடந்தது, கைகள் இரண்டும் மடியில் வைத்தது போல மடிந்து.

“வச்சிருக்கச் சொல்லு மகளே,” என்றாள். “என் கோட்டுக்கு ஓர் இடம் வேணும்ல.”

அனுப்பிவிட்டு, தான் பேசியதைத் தானே ஒருமுறை போட்டுக் கேட்டாள். ‘எங்க கோட்டு’ என்று சொல்லியிருக்கவில்லை.